பங்கரில் நான் தொலைத்த எட்டு மாதங்கள்

கோல்ஃப் மைதானத்தில் பதினான்காவது ஹோல் வரைக்கும் அன்று எனக்கு நல்ல நாளாகத்தான் இருந்தது. ஸ்ட்ரோக் ப்ளே போட்டி, மொத்தம் எத்தனை தடவை அடித்தோம் என்பதுதான் ஸ்கோர், குறைவாக எடுத்தவர் வெல்வார். விளையாட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது, நான் கலந்துகொண்ட இரண்டாவது போட்டி அது. அதுவரை நான் எடுத்ததிலேயே நல்ல ஸ்கோர் கையில் இருந்தது. பதினைந்தாவது ஒரு பார் 4, அதாவது நான்கு ஷாட்டில் பந்தைக் குழியில் போட வேண்டிய ஹோல். டீ என்று சொல்லும் தொடக்க இடத்திலிருந்து நேராக அடித்தேன். இரண்டாவது ஷாட், குழி இருக்கும் மழித்த புல்தரையான க்ரீனுக்கு இடது பக்கம் இருந்த பங்கரில், அதாவது மணல் பள்ளத்தில், போய் விழுந்தது. பந்து புதையவில்லை, மணல் மேலே நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தது. குழியைக் காட்டும் கொடி பன்னிரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும். பங்கரின் விளிம்பு, அதாவது லிப், என் இடுப்பளவு உயரம்.

முதல் ஷாட்டில் க்ளப் மணலுக்குள் குத்தி நின்றுவிட்டது. பந்து ஓரடி நகர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை முழு பலத்தோடு அடித்தேன். பந்து லிப்பில் மோதி, என் காலடித் தடத்துக்குள்ளேயே உருண்டு வந்து விழுந்தது. அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்பது கோர்வையாக நினைவில்லை. காதில் ரத்தம் துடிக்கும் சத்தம் கேட்டது. கூட விளையாடியவர்களில் ஒருவர் மணலைச் சமன் செய்யும் ரேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் அப்படி நின்றார், அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. ஆறு ஷாட் உள்ளேயே போனது. ஏழாவது, மணலையே தொடாமல் பந்தின் நடு வயிற்றில் பட்டு, க்ரீனைத் தாண்டி அந்தப் பக்கப் புல்லில் போய் விழுந்தது. அங்கிருந்து க்ரீனுக்கு ஒரு சிறிய தட்டல், அதாவது சிப், பிறகு க்ரீனில் பந்தை உருட்டி இரண்டு பட். ஸ்கோர் கார்டில் 12 என்று எழுதும்போது கை நடுங்கியது.

அதைவிட மோசமானது அதற்கு அடுத்து வந்த மாதங்கள். பங்கர் கண்ணில் பட்டாலே வயிறு கலங்கும். க்ரீனின் வலது பக்கம் பங்கர் இருந்தால் என் பந்து தானாக இடது பக்கம் போகும். பங்கர் ஷாட்டால் இழந்ததைவிட, பங்கருக்குப் பயந்து அடித்த மற்ற ஷாட்களால் இழந்ததுதான் அதிகம். இதைச் சரிசெய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது. மூன்று மாதச் சேமிப்பு போனது. மணிக்கட்டு வலியோடு ஐந்து வாரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே நான்கு விஷயம் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பதினைந்தாவது ஹோலையே எடுத்துக்கொள்கிறேன். அன்று எனக்கு விதி தெரியாது. பங்கருக்குள் கிடக்கும் பந்தை விளையாட முடியாத பந்து என்று நாமே அறிவித்துக்கொள்ளலாம். ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி எடுத்துக்கொண்டு, அதாவது ஸ்கோரில் ஒன்று கூட்டிக்கொண்டு, கொடிக்கு நெருங்காமல், இரண்டு க்ளப் நீளத்துக்குள் பங்கருக்குள்ளேயே வேறு இடத்தில் பந்தைக் கையால் ட்ராப் செய்யலாம். 2019-ல் விதிகளைத் திருத்தியபோது இன்னொரு வழியும் தந்தார்கள். மொத்தம் இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி எடுத்துக்கொண்டால், கொடியையும் பந்தையும் சேர்க்கும் கோட்டில் பின்னால் வந்து, பங்கருக்கு வெளியே ட்ராப் செய்யலாம். முதல் இரண்டு ஷாட் வெளியே வராதபோதே நான் இதைச் செய்திருந்தால், க்ரீனுக்கு உயரத் தூக்கி அடிக்கும் ஒரு பிட்ச், இரண்டு பட் என்று 9-ல் முடித்திருக்கலாம். இரண்டு பெனால்டி பெரிய விலையாகத் தெரியும். ஆனால் கை நடுங்க ஆரம்பித்துவிட்டால் அதுதான் மலிவு. கொடியைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்றும் எந்த விதியும் இல்லை. லிப் தாழ்வாக இருக்கும் பக்கம், ஏன் பின்பக்கமாகக்கூட, வெளியே எடுத்துப் போடலாம். அன்று என் கண்ணுக்குக் கொடியைத் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை.

போட்டி முடிந்த இரவே வீடியோக்களைத் தேட ஆரம்பித்தேன். ஒருவர் காலை நன்றாகத் திறந்து நில் என்கிறார், இன்னொருவர் நேராக நின்றாலே போதும் என்கிறார். ஒருவர் மணிக்கட்டை உடனே மடக்கு என்கிறார், இன்னொருவர் மடக்கவே வேண்டாம் என்கிறார். அவர்கள் எல்லாருக்கும் பந்து அழகாக எழும்பி வெளியே வருகிறது. எல்லாவற்றையும் கலந்துகட்டி நான் முயற்சி செய்ததில், எந்தத் தவறு எதனால் வருகிறது என்று தெரியாமல் போனதுதான் மிச்சம். ஒரு நேரத்தில் ஒரே ஒருவர் சொல்வதை மட்டும், குறைந்தது மூன்று வாரமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் செய்ததுதான் பெரிய தவறு. கோளாறு க்ளப்பில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். என்னிடம் மணலில் அடிப்பதற்கான க்ளப்பான பழைய சாண்ட் வெட்ஜ் ஒன்று இருந்தது, 56 டிகிரி. தொழில்முறை ஆட்டக்காரர்கள் 60 டிகிரி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, லாஃப்ட், அதாவது க்ளப் முகத்தின் சாய்வு, கூடினால் பந்து தானாக மேலே எழும்பும் என்று நம்பினேன். 60 டிகிரியில் ஒன்றும் அதற்குப் பொருந்த இன்னொன்றுமாக இரண்டு புது வெட்ஜ் வாங்கினேன். சேமிப்பில் பெரும் பங்கு அங்கேதான் போனது. பழையதைக் கிடைத்த விலைக்கு விற்றேன்.

புது க்ளப்பின் அடியில் 60 என்று பொறித்திருந்தது. அதன் பக்கத்தில் சின்னதாக 04 என்று இன்னொரு எண். வாங்கும்போது அதை நான் பொருட்படுத்தவே இல்லை. நான் விற்ற க்ளப்பில் அந்த இடத்தில் 12 என்று இருந்தது. அந்தச் சின்ன எண்தான் பவுன்ஸ். எட்டு மாதக் கதையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் வெட்ஜை எடுத்து, ஷாஃப்ட், அதாவது தண்டு, நேராக நிற்கும்படி தரையில் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். அடிப்பாகம், அதாவது ஸோல், தட்டையாக இருக்காது. முன் விளிம்பு தரையை விட்டுச் சற்றுத் தூக்கி இருக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் பாகம் தரையைத் தொடும். அந்தச் சாய்வின் கோணம்தான் பவுன்ஸ். முன் விளிம்பு முதலில் மணலில் இறங்கினால் அது மண்வெட்டி, குத்திக்கொண்டு உள்ளே போகும். பின்பாகம் முதலில் பட்டால், குளத்தில் சில்லு எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி க்ளப் மணலுக்குள் கொஞ்சம் இறங்கி, வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பவுன்ஸ் 4 என்றால் கிட்டத்தட்ட மண்வெட்டி, 12 என்றால் சில்லு. மணல் பொலபொலவென்று ஆழமாக இருந்தால் பவுன்ஸ் அதிகம் வேண்டும். இறுகிய மணல், ஈர மணல், அடியில் கெட்டித்தரை இருக்கும் மெல்லிய மணல், இவற்றுக்குக் குறைவான பவுன்ஸ் போதும். நான் விளையாடும் இடத்து மணல் பொலபொலப்பு. அதாவது, சரியான க்ளப்பை விற்றுவிட்டுத் தவறான க்ளப்பைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். இது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த விஷயம் புதிதும் இல்லை. அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரஸன் 1930-களின் தொடக்கத்திலேயே இதைத்தான் செய்தார். விமானம் மேலே எழும்பும் விதத்தைப் பார்த்து அந்த யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தன்னிடமிருந்த நிப்ளிக் என்ற பழைய வகைக் க்ளப்பின் ஸோலில் ஈயத்தைப் பற்றவைத்துக் கனமாக்கி, பின்பாகம் முன் விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி இழைத்தார். அந்தக் க்ளப்போடுதான் 1932-ல் இங்கிலாந்தின் ப்ரின்ஸஸ் மைதானத்தில் ஓப்பன் சாம்பியன்ஷிப்பை வென்றார். இன்று நம் பையில் இருக்கும் சாண்ட் வெட்ஜ் அந்த வழியில் வந்ததுதான். மணலில் பாதி வேலையை அந்தக் கருவியே செய்துகொள்ளும்படி அமைத்துத் தந்திருக்கிறார்கள். அதைச் செய்யவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது நான்தான்.

எப்படித் தடுத்தேன் என்று சொல்கிறேன், இது பலருக்கும் இருக்கும் கோளாறு. அயர்ன் என்ற வகைக் க்ளப்பில் அடிக்கும் ஷாட்டுக்குக் கைகள் பந்துக்கு முன்னால் இருக்க வேண்டும், ஷாஃப்ட் இலக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்று பழகியிருந்தேன். புல்லில் அது சரி. மணலில் அதே மாதிரி ஷாஃப்டைச் சாய்த்தால், சாய்த்த அளவுக்கு பவுன்ஸ் காணாமல் போகிறது. 12 டிகிரி பவுன்ஸ் உள்ள க்ளப்பையும் அப்படி மண்வெட்டி ஆக்கிவிடலாம். என்னிடம் இருந்ததோ 4. கைகள் பந்துக்கு நேராகவோ ஒரு நூல் பின்னாலோ இருக்கட்டும்.

அடுத்தது க்ளப்பின் முகத்தைத் திறப்பது, அதாவது பந்தில் படும் பக்கத்தை வானம் பார்க்கத் திருப்பி வைப்பது. திறந்தால் முன் விளிம்பு மேலே எழும்பிப் பின்பாகம் கீழே வரும், பவுன்ஸ் கூடும். இது எனக்கு வீடியோ பார்த்தே தெரியும். நானும் திறந்தேன். ஆனால் வழக்கம்போல கிரிப் பிடித்துவிட்டு, பிடித்த கைகளைத் திருப்பித் திறந்தேன். ஸ்விங் செய்யும்போது கைகள் தங்கள் இயல்பான நிலைக்குத் திரும்பும், முகமும் கூடவே மூடிக்கொள்ளும். பல மாதம் நான் திறந்த முகத்தோடு நின்று மூடிய முகத்தோடுதான் அடித்திருக்கிறேன். முதலில் வலது கையில் தளர்வாக க்ளப்பைப் பிடித்து முகத்தைத் திறந்துகொள்ள வேண்டும், அந்த நிலையில் வைத்துக்கொண்டு அதற்கு மேல் கிரிப் பிடிக்க வேண்டும். முதல் சில நாள் பந்து வலது பக்கம் பறந்துவிடும் என்று பயமாக இருக்கும். உடம்பைச் சற்று இடது பக்கம் பார்த்து நிற்கவைத்தால் அது சரியாகிவிடும். நான் வலது கை ஆட்டக்காரன், இடது கைக்காரர்கள் இதையெல்லாம் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் பிற்பாடு தெரிந்தவை. புது வெட்ஜ் வாங்கிய புதிதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் நிறைய அடித்தால் வந்துவிடும் என்பது மட்டும்தான். ஒரு மாலை பயிற்சிப் பங்கரில் நூற்றைம்பது பந்துக்கு மேல் அடித்தேன். பங்கரின் ஓரத்தில் மணல் மெலிந்திருந்த இடம் ஒன்று இருந்தது. அங்கே நின்று, கோபத்தோடு ஓங்கி அடித்ததில் க்ளப் அடியில் இருந்த கெட்டித்தரையில் போய் இடித்தது. முழங்கை வரைக்கும் ஒரு மின்னல் ஓடியது. அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இருபது பந்து அடித்தேன். மறுநாள் காலை இடது மணிக்கட்டால் கதவுக் கைப்பிடியைக்கூடத் திருப்ப முடியவில்லை. ஐந்து வாரம் க்ளப்பைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த ஐந்து வாரத்தில் இந்த விளையாட்டே வேண்டாம், எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மணலில் அடிப்பது உடம்புக்கு வேலை வைக்கும் விஷயம். ஒரு தடவைக்கு முப்பது நாற்பது பந்துக்கு மேல் வேண்டாம். வலித்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

திரும்பி வந்தபோது ஓங்கி அடிக்கும் தைரியம் கைக்கு இல்லை. அதுதான் எனக்கு நல்லதாகப் போயிற்று. பந்தே இல்லாமல், மெதுவாக மணலை மட்டும் தட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். க்ளப் எங்கே இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள, மணலில் விரலால் நீளமாக ஒரு கோடு போட்டேன். கோடு என் இரண்டு கால்களுக்கும் நடுவில், சற்று இடது கால் பக்கமாக வரும்படி நின்று அடித்தேன். பிறகு குனிந்து பார்த்தேன்.

மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை. பந்து எங்கே போகிறது என்று பார்ப்பேன், போகவில்லை என்றால் தலையில் அடித்துக்கொள்வேன், ரேக்கை எடுத்து மணலைச் சமன் செய்துவிடுவேன். என்ன தவறு என்று சொல்லும் ஒரே சாட்சியை ஒவ்வொரு தடவையும் நானே அழித்துக்கொண்டிருந்தேன். அன்று பார்த்த தடம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் ஆரம்பித்தது. குறுகலாக, ஆழமாக, ஒரு பள்ளம். அதன் முன் சுவர் செங்குத்தாக இருந்தது, க்ளப் அங்கே வந்து நின்றிருக்கிறது. அடியில் ஈரமான கறுத்த மணல் தெரிந்தது. பத்துக் கோட்டில் எட்டு அப்படி. மீதி இரண்டில் தடமே இல்லை, க்ளப் காற்றில் போயிருந்தது.

அந்த இரண்டையும் பார்த்தபோதுதான் பதினைந்தாவது ஹோலில் நடந்தது புரிந்தது. ஆறு தடவை குத்திக்கொண்டதும், ஏழாவது மணலே படாமல் பறந்ததும் இரண்டு வேறு வியாதிகள் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான். பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் என் எடை வலது காலுக்குப் போய்விடுகிறது. ஸ்விங்கின் அடிப்புள்ளியும் கூடவே வலது காலுக்கு நேராகப் போய்விடுகிறது. அங்கே மணலில் இறங்கினால் குத்திக்கொள்ளும். அதற்குப் பயந்து உடம்பைக் கொஞ்சம் தூக்கினால், பந்தை அடையும்போது க்ளப் ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருக்கும், பந்தின் நடுவில் அடிக்கும். பந்தைத் தூக்குவது நம் வேலை இல்லை, அது லாஃப்டின் வேலை, மணலின் வேலை. க்ளப் பந்தைத் தொடவே தொடாது. பந்துக்குக் கீழே இருக்கும் மணல் கிளம்பும், பந்து அதன் மேல் ஏறிக்கொண்டு வெளியே போகும்.

அன்றிலிருந்து கோடுதான் என் பயிற்சி. அரை எடைக்குக் கொஞ்சம் கூடவே இடது காலில் வைத்து, ஸ்விங் முழுக்க அதை அங்கேயே விட்டுவிட்டேன். நெஞ்சு கோட்டுக்கு மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். முதல் வாரம் தடம் ஒரு சாணிலிருந்து நான்கு விரலுக்கு வந்தது. இரண்டாவது வாரம் கோட்டைத் தொட்டது. முகத்தைத் திறந்து, கைகளைப் பின்னால் வைத்ததும் தடத்தின் வடிவமே மாறியது. குறுகலான பள்ளம் போய், அகலமாக, ஆழமில்லாத ஒரு தட்டு போல வந்தது. சத்தமும் மாறியது. முன்பெல்லாம் ‘சொதக்’ என்று அமுங்கிய சத்தம், இப்போது ‘தப்’ என்று கை தட்டுவது போல ஒரு திறந்த சத்தம். மணல் மெல்லிய விசிறியாகக் கிளம்பிப் பங்கருக்கு வெளியே புல்லில் விழுந்தது. மணல் வெளியே போய் விழுந்தால் பந்தும் போகும். பந்தே வைக்காமல் இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

மூன்றாவது வாரம்தான் பந்து வைத்தேன். கோட்டுக்கு முன்னால் இரண்டு அங்குலத்தில், என் இடது குதிகாலுக்கு நேராக வரும்படி. பந்தைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து அடித்தேன். பந்து மெதுவாக எழும்பி, க்ரீனில் விழுந்து, இரண்டு துள்ளலில் நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கியது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோடு பயிற்சிக்கு மட்டும்தான். ஆட்டத்தில் பந்துக்கு முன்னாலோ பின்னாலோ மணலை க்ளப்பால் தொடக் கூடாது, பயிற்சி ஸ்விங்கிலும் பின் ஸ்விங்கிலும் மணலில் படக் கூடாது, மணல் எப்படி இருக்கிறது என்று கையாலோ ரேக்காலோ சோதிக்கக் கூடாது. ஸ்ட்ரோக் ப்ளேயில் இரண்டு ஸ்ட்ரோக் பெனால்டி. 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில், விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மைதானத்தின் கடைசி ஹோலில், பார்வையாளர்கள் மிதித்துத் துவைத்திருந்த ஒரு மணல் திட்டைப் பங்கர் என்று உணராமல் அமெரிக்க ஆட்டக்காரர் டஸ்டின் ஜான்சன் க்ளப்பைத் தரையில் ஊன்றிவிட்டார். அந்த இரண்டு ஸ்ட்ரோக்கால், சமநிலையில் இருப்பவர்கள் ஆடும் பிளேஆஃப் வாய்ப்பையே இழந்தார். ஆனால் நிற்பதற்காகக் கால்களை மணலில் அசைத்துப் பதித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. மணலைப் பற்றி நமக்குச் சட்டப்படி கிடைக்கும் தகவல் அதுதான். கால் சுலபமாக இறங்கினால் பொலபொலப்பு, முகத்தை நன்றாகத் திறக்கலாம். ஒரு விரல்கடை இறங்கியதுமே கெட்டியாகத் தட்டினால், முகத்தை அவ்வளவு திறக்க வேண்டாம். திறந்தால் க்ளப் துள்ளிவந்து பந்தின் நடுவில் அடிக்கும். கால் எவ்வளவு இறங்குகிறதோ அந்த அளவு கிரிப்பையும் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலை, குச்சி இவற்றை இப்போது எடுத்துப்போடலாம், பந்து அசையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தூரம் பிடிபட எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. கொஞ்ச தூரம்தானே என்று பாதியில் வேகத்தைக் குறைப்பது என் கையில் ஊறிப்போயிருந்தது. இடையில் மணல் இருப்பதால், அதே தூரத்துக்குப் புல்லில் எடுக்கும் ஸ்விங்கைப் போல இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். பத்து மீட்டர் ஷாட்டுக்கு அவ்வளவு பெரிய ஸ்விங் எடுக்க மனசு வராது, ஆனால் எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்கும் மணலின் அளவை மாற்றித் தூரத்தைக் கட்டுப்படுத்தப் பார்த்தேன், தடம் மறுபடியும் கண்டபடி போனது. தடத்தை அப்படியே விட்டுவிட்டு, ஸ்விங் முடியும் இடத்தை மட்டும் மாற்றினால் போதும். கைகள் நெஞ்சு உயரத்தில் முடிந்தால் ஒரு தூரம், தோளுக்கு மேலே முடிந்தால் இன்னொரு தூரம். எங்கே முடிந்தாலும் சரி, மணலுக்குள் நிற்கக் கூடாது.

பந்து பாதி புதைந்து, முட்டையின் மஞ்சள் கரு போல நடுவில் உட்கார்ந்திருந்தால் மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். அப்போது நமக்கு வேண்டியது மண்வெட்டிதான். முகத்தைத் திறக்காமல் நேராக, வேண்டுமானால் சற்று மூடியே வைத்து, பந்தைக் கால்களுக்கு நடுவில் கொண்டுவந்து, க்ளப்பைப் பந்துக்குப் பின்னால் செங்குத்தாக இறக்க வேண்டும். பந்து சுழற்சி இல்லாமல் வெளியே வந்து நெடுந்தூரம் உருளும், அதற்கு இடம் விட்டு இலக்கு வையுங்கள். அதைக் கொடி பக்கத்தில் நிறுத்த ஆசைப்பட்டு நான் இழந்த ஸ்ட்ரோக்குகள் ஏராளம். க்ரீனுக்குத் தொலைவில், ஆட்டப் பாதையில் இருக்கும் ஃபேர்வே பங்கர் முற்றிலும் வேறு கதை. அங்கே முதலில் பந்து, பிறகுதான் மணல். காலை ஆழமாகப் பதிக்க வேண்டாம், வழக்கத்தைவிட அதிக தூரம் போகும் க்ளப்பை எடுத்துக் கிரிப்பைக் கீழே பிடியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தக் க்ளப் லிப்பைத் தாண்டுமா என்று பாருங்கள். தாண்டாது என்றால் பேசாமல் வெட்ஜை எடுத்துவிடுங்கள்.

1978 ஓப்பனில், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் பதினேழாவது ஹோலில், இரண்டே ஷாட்டில் க்ரீனை அடைந்த ஜப்பானிய ஆட்டக்காரர் டாமி நகாஜிமாவின் பட், ரோட் ஹோல் பங்கருக்குள் உருண்டு விழுந்துவிட்டது. வெளியே வர நான்கு ஷாட் ஆனது, அந்த ஹோலுக்கு 9. மணிக்கட்டு வலியோடு உட்கார்ந்திருந்த நாட்களில் இதைப் படித்தேன். உலகத்தரமான ஒருவருக்கே இது நடந்திருக்கிறது என்று தெரிந்ததும் மனசு கொஞ்சம் லேசானது. அதன் பிறகும் அவர் பல வருடம் விளையாடினார், வென்றார்.

60 டிகிரி வெட்ஜைக் கடைசியில் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, 56 டிகிரி, பவுன்ஸ் 12 உள்ள பழைய க்ளப் ஒன்றைத் தேடி வாங்கினேன். நான் விற்றதே திரும்பிக் கிடைக்குமா என்று விசாரித்தேன், கிடைக்கவில்லை. வெட்ஜ் வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் நீங்கள் வழக்கமாக விளையாடும் இடத்து மணலில் அதை ஒரு தடவை இரவல் வாங்கி அடித்துப் பாருங்கள். அந்தக் காசில் பாதியைக் கொடுத்து, பங்கருக்குள் உங்களோடு இறங்கி நின்று பார்க்கும் ஒரு பயிற்சியாளரிடம் ஒரு மணி நேரம் கற்றுக்கொள்ளலாம். எனக்கு எட்டு மாதம் பிடித்ததை அவர் உங்கள் தடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

போன மாதம் அதே பதினைந்தாவது ஹோலில், அதே பங்கரில் மறுபடியும் விழுந்தேன். இதயம் படபடத்தது, அதை மறைக்கவில்லை. முகத்தைத் திறந்து, பிறகு கிரிப் பிடித்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இருந்த ஒரு மணல் துளியைப் பார்த்து அடித்தேன். பந்து கொடியிலிருந்து நான்கு மீட்டரில் நின்றது. இரண்டு பட், 5. ரேக்கை எடுப்பதற்கு முன் குனிந்து தடத்தைப் பார்த்தேன். கொஞ்சம் ஆழம்தான், பயத்தில் கை இறுகியிருக்கிறது.

இறங்கு சரிவில் கிடக்கும் பந்து மட்டும் இன்னும் எனக்கு வசப்படவில்லை. தோள்களைச் சரிவுக்கு இணையாக வைத்து, எடையைக் கீழ்க்காலில் விட்டு, மணலைத் துரத்திக்கொண்டு கீழேயே போக வேண்டும் என்று தெரியும், ஆனால் பத்தில் நான்குதான் வெளியே வருகிறது. அதனால் போட்டியில் அப்படி விழுந்தால் பக்கவாட்டில் எடுத்துப் போட்டுவிடுகிறேன். பயிற்சிப் பங்கரின் பின் சரிவில் தினமும் பத்துக் கோடு போடுகிறேன், பந்து இன்னும் வைக்கவில்லை.